பச்சைக் குளிசைக்குப் பத்தியம்

கிறிஸ்ரியனின் கார்ச் சாவிக் கொத்தில் ஒரு விசில் தொங்குகிறது. கால்பந்து நடுவர்கள் ஊதும் கறுப்பு விசில். மூன்று வருடமாக அது தொங்கத்தான் செய்கிறது, ஊதுவாரில்லை.

அதை அவன் கடைசியாக ஊதப் பார்த்தது ஈஸ்டருக்கு மறுநாளான ஒரு உயிர்ப்புத் திங்களன்று. மெல்பேர்னில் இருக்கும் மன்னார்க்காரர்கள் ஆண்டுதோறும் அந்த விடுமுறை நாளில் நோபிள் பார்க் பக்கம் ஒரு மைதானத்தை எடுத்துப் போட்டி வைப்பார்கள். அன்றைக்குப் பேசாலை அணிக்கும் வங்காலை அணிக்கும் இறுதி ஆட்டம், கிறிஸ்ரியன் நடுவர். பேசாலைப் பையன் ஒருவன் கோலுக்கு முன்னால் பந்தைக் கையால் தட்டியதை மைதானமே பார்த்தது. கிறிஸ்ரியனும் பார்த்தான், ஓடினான், விசிலை வாயில் வைத்தான். வந்தது வெறும் காற்று. கேத்தல் ஆறும்போது விடுகிற மாதிரி ஒரு சின்னப் பெருமூச்சு. ஆட்டம் நிற்கவில்லை. பந்து வலைக்குள் போனது. பிறகு நடந்த இழுபறியில் இரண்டு சட்டைகள் கிழிந்தன.

"பேசாலையான் பேசாலைக்கு எதிரா விசில் ஊதுவானோ?" என்று வங்காலைக்காரர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள். கிறிஸ்ரியன் பேசாலையில் பிறந்தவன் என்பது உண்மைதான். ஆனால் மூச்சு எந்த ஊர் என்று பார்த்து நிற்கவில்லை.

அவுஸ்திரேலியாவுக்கு வந்த நாளிலிருந்து அவனுக்குக் கல்லோடுதான் சீவியம். டண்டினோங்கில் ஒரு பட்டறை. புது வீட்டுக் குசினிகளில் பளபளவென்று பதிக்கிறார்களே செயற்கைக் கல், அதை அளந்து வெட்டி, தண்ணீர்த் தொட்டிக்கு இடம்விட்டுக் குடைந்து, விளிம்பை மழுக்கிக் கொடுப்பது அவன் வேலை. தண்ணீர் விட்டு வெட்டினால் தூசி பறக்காது. அவசரத்தில் தண்ணீர் விடாமலேதான் வெட்டினார்கள். மாலையில் வீட்டுக்கு வரும்போது கண்ணிமை வரைக்கும் வெள்ளையாக இருப்பான். "பாண் பேக்கரியிலயோ வேலை?" என்று மனைவி நிரஞ்சலா சிரிப்பாள். அந்தத் தூசி உள்ளே போய் நுரையீரலைத் தழும்பு தழும்பாக ஆக்கியிருக்கிறது என்பது விசில் ஊதாமல் போன பிறகுதான் தெரிந்தது.

அந்தக் கல்லை இப்போது நாட்டிலேயே தடைசெய்துவிட்டார்கள். தழும்பைத் தடைசெய்ய யாராலும் முடியவில்லை. ஆறிய காயத்தின் தோல் இறுகிக் கிடப்பதுபோல நுரையீரலும் இறுகிவிடும், இறுகிய இடத்தில் காற்று ஏறாது, இருக்கிற மருந்து அதை மெதுவாக்குமே தவிரத் திருப்பாது என்று டொக்டர் ஹெலன் தாளில் படம் கீறிக் காட்டியிருந்தார். ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரிக் குழாயில் மூச்சை ஊதிப் பார்க்கும்போதும் அளவு கொஞ்சம் கீழே போயிருக்கும். கிறிஸ்ரியன் பட்டறையை விட்டுவிட்டு, ஒரு கார் உதிரிப்பாகக் கடையில் கதிரையில் இருந்தபடி தொலைபேசியில் பொருள் கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் வேலைக்குப் போனான். அதிலும் நீளமான வசனம் பேச வேண்டி வந்தால் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்வான்.

அப்படி இருந்தவனிடம்தான் போன மாரி முடிகிற நேரம் ஹெலன் அந்தச் செய்தியைச் சொன்னார். சில செடிகளின் இலையைக் காய்ச்சி உலர்த்தி எடுத்த ஒரு பொடி. மருந்து என்று சொல்ல முடியாது, உணவோடு கூட எடுக்கிற துணைச் சத்து. நுரையீரல் தழும்பு உள்ளவர்களுக்கு அது உதவுமா என்று சோதிக்கப்போகிறார்கள். வழக்கமான மருந்து வழக்கம்போல் நடக்கும். அதற்கு மேலே அந்தப் பொடியை அடைத்த பச்சைக் குளிசை. பாதிப் பேருக்கு அசல் பொடி, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் அதே மணத்தில் ஒன்றுமில்லாத பொடி. யாருக்கு எது என்று டொக்டருக்கும் தெரியாது, நோயாளிக்கும் தெரியாது. அந்த இரகசியத்தை முடிவில்தான் உடைத்துப் பார்ப்பார்கள். வேலை செய்யும் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை, தெரியாததால்தான் சோதிக்கிறோம் என்று ஹெலன் மூன்று தரம் சொன்னார். கிறிஸ்ரியன் மூன்று தரமும் தலையாட்டினான். அவன் காதில் விழுந்ததெல்லாம் 'இலை' என்ற ஒரு சொல்தான்.

ஸ்பிரிங்வேலில் இருக்கும் வீட்டுக்கு அவன் வந்து சேர்ந்த விதத்தைப் பார்த்து நிரஞ்சலா லொத்தர் விழுந்ததாக்கும் என்று நினைத்தாள். சப்பாத்தைக் கழற்றாமலேயே குசினிக்குள் போய், இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டொக்டர்மார் இருந்து இலையை ஆராய்கிறார்கள், அதற்கு என்னையும் எடுத்திருக்கிறார்கள் என்று மூச்சு விடாமல் சொல்லப் பார்த்து, இரண்டு தரம் நின்று மூச்சு விட்டுச் சொல்லி முடித்தான்.

நிரஞ்சலா முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்பவள். யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று பார்த்துப் பார்த்துச் சமைப்பவள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் குளிர்ப்பெட்டியைத் திறந்தாள். அன்று காலைதான் வாங்கிய பாரை மீன் துண்டு துண்டாகக் கிடந்தது. பையோடு தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு வியட்நாம்காரியிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

"என்னடியப்பா செய்யிறாய்?"

"இலை மருந்தெண்டா பத்தியம் இருக்கோணும். மீன் இல்லை, இறால் இல்லை, புளி இல்லை, கத்தரிக்காய் இல்லை, பொரியல் இல்லை."

"டொக்டர் அப்படியொண்டும் சொல்லேல்லையே."

"அதெல்லாம் சொல்லித் தாறதே? கை கழுவிப்போட்டுச் சாப்பிடுங்கோ எண்டு சொன்னவாவோ? பிறகேன் கழுவுறியள்?"

கிறிஸ்ரியனுக்கு அது சரியாகவே பட்டது. வழக்கம்போலச் சாப்பிடுங்கள், புதிதாக வேறு மூலிகை எதுவும் எடுக்காதீர்கள் என்று சொல்லியிருந்தார்கள். அவன் புதிதாக எதையும் எடுக்கவில்லை, விடுகிறான். அதோடு, இலை மருந்து சாப்பிடுகிறவனுக்கு வழக்கம் என்றால் அதுதானே வழக்கம். மீன் இல்லாமல் ஒரு நாள் கூடச் சோற்றைத் தொடாத மனிதன் அன்றிலிருந்து பயற்றம் கஞ்சிக்கும் மிளகு ரசத்துக்கும் மாறினான். மனதுக்குள் ஒரு மிதப்பும் இருந்தது. மருந்து அதன் வேலையைச் செய்யட்டும், நான் என் வேலையைச் செய்கிறேன் என்று.

சோதனைக்கு மாதம் ஒரு தரம் போக வேண்டும். முதல் முறை போனபோதே காத்திருக்கும் இடத்தில் இன்னொரு தமிழர் இருந்தார். கிளென் வேவர்லியில் மகளோடு இருக்கும் கல்யாணசுந்தரம், திருச்சிப் பக்கம் மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு ஏன் தழும்பு விழுந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. காரணம் தெரியாததையே ஒரு பெயராக வைத்திருப்பதாகச் சொல்லிச் சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அவரும் அதே பச்சைக் குளிசைதான். கிறிஸ்ரியன் கேட்ட முதல் கேள்வி, பத்தியம் இருக்கிறீர்களா என்பது.

"அட, அதை யோசிக்கவே இல்லையே தம்பி. இவங்க ஒண்ணும் சொல்லலியே."

"அவையளுக்கு என்ன தெரியும் ஐயா? இலை எங்கட இலை."

கல்யாணசுந்தரம் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர், மீனை விட வழியில்லை. புளியையும் தயிரையும் கத்தரிக்காயையும் உருளைக்கிழங்கையும் விட்டார். அது போதாது என்று தோன்றியதோ என்னவோ, காப்பியையும் விட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் கிறிஸ்ரியன் பிலோமினம்மாவைக் கண்டான். மருதமடுப் பக்கத்து மனுசி, எழுபதைத் தாண்டியவர். அவருக்கும் நுரையீரலில் அதே கோளாறு, அவரும் அதே சோதனையில் சேர்ந்திருந்தார். அவருக்கும் சொன்னான். அதட்டியே சொன்னான். இலையை விழுங்கிப்போட்டு மேலே நண்டுக் கறி சாப்பிட்டால் இலை என்ன செய்யும்?

இப்படி மாரி போய்க் கோடை வந்தது. கோடை நடுவில்தான் அந்த நல்ல நாள் வந்தது.

மூச்சு ஊதும் அறை என்றால் கிறிஸ்ரியனுக்குத் தனி விருப்பம். அங்கே ஸ்டீவ் என்று ஒரு மலை மாதிரி மனிதன் இருக்கிறான். மூக்கைக் கவ்வியால் பூட்டி, குழாயை வாயில் தந்துவிட்டு, இறுதியாட்டத்தில் தன் அணி கோல் அடிக்கப் போவதுபோலக் கத்துவான். ஊது, ஊது, ஊது, விடாதே, இன்னும், இன்னும், இன்னும்! கண் பிதுங்கி, காது அடைத்து, கடைசித் துளிக் காற்றையும் கசக்கித் தள்ளிவிட்டு கிறிஸ்ரியன் கதிரையில் சாய்ந்தால், நல்லாட்டம் என்று முதுகில் தட்டுவான். அன்றைக்கு ஸ்டீவ் திரையைப் பார்த்தான். பழையதைத் தட்டிப் பார்த்தான். இன்னொரு தரம் ஊதச் சொன்னான். பிறகு கட்டை விரலை உயர்த்தினான்.

அளவு கூடியிருக்கவில்லை. ஆனால் குறையவும் இல்லை. மூன்று வருடத்தில் முதல் தடவையாக, போன முறை நின்ற இடத்திலேயே நின்றது.

ஒரு முறையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று ஹெலன் உடனே எச்சரித்தார். ஆனால் அவருடைய கண் வேறு எதையோ சொன்னதாக கிறிஸ்ரியன் எடுத்துக்கொண்டான். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் காருக்குள் பாடிக்கொண்டு போனான். எனக்குக் கிடைத்தது அசல்தான் என்று அடித்துச் சொன்னான். "ஆர் கண்டது, வீட்டு வளவுப் புல்லை அரைச்சுத் தந்திருப்பினம்" என்றாள் நிரஞ்சலா. ஆனால் அவளும் அன்று முழுக்க எதையாவது முணுமுணுத்துப் பாடியபடிதான் திரிந்தாள். இதுவரை இறங்கிக்கொண்டே போன ஒன்று நின்றுவிட்டது. அந்தக் குளிசை இனிமேல் ஒரு நாளும் தன் கையை விட்டுப் போகக் கூடாது என்று கிறிஸ்ரியன் அன்று முடிவெடுத்தான்.

நடுவில் உடம்பு மெலிந்தது. காற்சட்டைப் பட்டியில் புது ஓட்டை குத்த வேண்டி வந்தது. அதை அவன் பெரிதாக எடுக்கவில்லை. தவக்காலம் வேறு தொடங்கியிருந்தது. கோயிலில் பிலோமினம்மாவின் கன்னம் ஒட்டிப் போனதைக் கண்டவர்கள், இந்த வயதிலும் இப்படி ஒறுத்தல் செய்கிறாவே என்று மெச்சினார்கள். மனுசியின் கலியாண மோதிரம் கழன்று விழப் பார்க்க, அதற்கு நூல் சுற்றிப் போட்டிருந்தார்.

மார்ச் மாதச் சோதனைக்குக் கிறிஸ்ரியன் துள்ளிக்கொண்டுதான் போனான். நிறுவையில் ஏற்றிய பிரீத்தி எண்ணைப் பார்த்துவிட்டு மறுபடி ஏறச் சொன்னாள். பிரீத்திதான் இந்தச் சோதனையின் ஒருங்கிணைப்பாளர். பொயிண்ட் குக்கில் வளர்ந்த பிள்ளை, தமிழ் விளங்கும், பதில் ஆங்கிலத்தில் வரும். அவள் ஹெலனைக் கூப்பிட்டாள்.

ஹெலன் கதவைச் சாத்திவிட்டுக் கதிரையில் இருந்தார். பசி இருக்கிறதா, வாந்தி இருக்கிறதா, வயிற்றுப்போக்கு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை, பசி மட்டும் நல்லாக இருக்கிறது என்றான் கிறிஸ்ரியன். இந்த நோயில் எடை இறங்குவது நல்லதல்ல, நோயே கூடுவதற்கு அடையாளமாக இருக்கலாம், அல்லது குளிசையின் பக்கவிளைவாக இருக்கலாம் என்று ஹெலன் விளக்கினார். அதைவிடச் சிக்கல், எடை இறங்குவது உங்களுக்கு மட்டுமில்லை, இன்னும் சிலருக்கும் இறங்கியிருக்கிறது. பாதுகாப்பைப் பார்க்கும் குழு இன்று மதியம் கூடுகிறது. பெரும்பாலும் சோதனையை நிறுத்தி வைப்பார்கள். அதுவரை குளிசையை நிறுத்துங்கள்.

போத்தலைப் பிரீத்தி வாங்கி வைத்துக்கொண்டாள்.

கிறிஸ்ரியன் வெளியே வந்து கதிரையில் இருந்தான். கடைசியில் ஒரு பொருள் கிடைத்தது, அது நின்று பிடிக்கிறது என்று நினைத்த நேரத்தில் இப்படியா. பக்கத்துக் கதிரையில் வந்து அமர்ந்தவரை அவன் கவனிக்கவில்லை.

"என்ன தம்பி, முகமே செத்துப் போயிருக்கு?"

கல்யாணசுந்தரம். கிறிஸ்ரியன் விஷயத்தைச் சொன்னான். அவர் ஆச்சரியப்படவில்லை. காலையில் அவருக்கும் அதையே சொல்லி, அவருடைய போத்தலையும் வாங்கிவிட்டார்களாம். "நம்ம ரெண்டு பேருக்குமே அசல்தான் வந்திருக்கு போல. மருந்து உள்ளே புகுந்து வேலை செய்யுது. அதான் உடம்பு வத்துது" என்று தேற்றப் பார்த்தார். பேசியபடியே எழுந்து தண்ணீர் எடுக்கப் போனவர், ஒரு கையால் காற்சட்டையை இடுப்பில் பிடித்துக்கொண்டு போனார். பட்டி கட்டியும் நிற்கவில்லை. பின்பக்கத்தில் இரண்டு ஊசி குத்திச் சுருக்கியிருந்தார்.

கிறிஸ்ரியன் அந்த ஊசிகளைப் பார்த்தான். குனிந்து தன் பட்டியின் புது ஓட்டையைப் பார்த்தான்.

"ஐயா, காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?"

"கஞ்சி."

"நேற்று மத்தியானம்?"

"நீ சொன்னதுதான். மிளகு ரசம், பாசிப்பருப்பு."

"இரவு?"

"ரெண்டு இட்லி. சட்னி இல்லாம." அவர் டம்ளரோடு திரும்பி வந்தார். "காப்பியப் பத்தி மட்டும் கேட்டுறாத."

கிறிஸ்ரியனுக்குப் பிலோமினம்மாவின் மோதிரத்தில் சுற்றிய நூல் நினைவுக்கு வந்தது. மூன்று பேர். மூன்று பேரும் குளிசையால் மெலியவில்லை, அவன் வாயால் மெலிந்திருக்கிறார்கள். அந்தக் குழு இன்று மதியம் இருந்து இலையில் பழி போடப் போகிறது, இலை பாவம் ஒன்றும் செய்யவில்லை. அவன் உடனே எழும்பினான். பிறகு திரும்பவும் கதிரையில் இருந்தான்.

சொல்லாமல் சாப்பாட்டை மாற்றியவர்களைச் சோதனையிலிருந்து எடுத்துவிடலாம் என்று சேரும்போதே சொல்லியிருந்தார்கள். உள்ளே போய்ச் சொன்னால் அந்தப் போத்தல் திரும்பிக் கைக்கு வராது. அளவு மறுபடியும் இறங்கத் தொடங்கும். சொல்லாவிட்டால் இந்தச் சோதனையே நிற்கும், முகம் தெரியாத எத்தனையோ பேருடைய போத்தல்களும் போய்விடும்.

அவன் யோசிப்பது கல்யாணசுந்தரத்துக்கு அதற்குள் விளங்கிவிட்டது. பொறியாளர் அல்லவா, கணக்கு அவருக்கும் வந்திருந்தது. "போ தம்பி" என்றார் மெதுவாக. "நானும் வர்றேன். கொஞ்சம் பின்னால. பேண்ட் விடமாட்டேங்குது."

ஹெலன் அதற்குள் கூட்டத்துக்குக் கிளம்பி, நடைபாதையின் மறு கோடியில் போய்க்கொண்டிருந்தார். நடைச் சோதனைக்கு ஆரஞ்சுக் கூம்புகள் வைத்து அவனை நடக்கவிடும் அதே நீண்ட நடைபாதை. விரலில் ஒட்சிசன் பார்க்கும் கவ்வியோடு, மெதுவாக, மூச்சுக்கு மூச்சு நின்று நடக்கிற இடம். கிறிஸ்ரியன் ஓடினான். மூன்று வருடத்துக்குப் பிறகு ஓடினான். பாதி வழியில் மூச்சுப் போய்விட்டது. கூப்பிடக் குரல் வரவில்லை. சாவிக் கொத்தை எடுத்து விசிலை வாயில் வைத்தான். சரியான சத்தம் என்று சொல்ல முடியாது, ஒரு கீச்சுத்தான். ஆனால் ஹெலன் திரும்பிப் பார்த்தார்.

அவனைக் கதிரையில் இருத்தி, விரலில் கவ்வி மாட்டி, மூக்கில் ஒட்சிசன் வைத்து, பேசக்கூடாது என்றார்கள். அவன் பேசினான். மீன் சாப்பிடவில்லை என்றான். அவர்களுக்கு விளங்கவில்லை. விரதமா என்று ஹெலன் கேட்டார். இல்லை. மதமா? இல்லை, அதுவும் இருக்கிறது, ஆனால் இது அது இல்லை. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லையா? ஐயோ, மீன் ஏன் ஒத்துக்கொள்ளாது! பத்தியம் என்றான். பிரீத்தியைப் பார்த்துச் சொன்னான். அவள் உதட்டைப் பிதுக்கினாள், அவளுக்கும் அந்தச் சொல் தெரியவில்லை. பிறகு ஏதோ தோன்றியவளாகத் தன் கைபேசியை எடுத்து அம்மாவை அழைத்தாள். அம்மா கிரிஜா பொயிண்ட் குக்கில் ஒரு வங்கியில் வேலை செய்பவர். எல்லாரும் கேட்கும்படி ஒலியைக் கூட்டி வைத்தாள்.

"அம்மா, பத்தியம்னா வாட்?"

"யாருக்கு என்னாச்சு?" என்று பதறிய குரல், யாருக்கும் ஒன்றுமில்லை என்றதும் சுருதி மாறியது. நாட்டு மருந்து சாப்பிடும்போது நாக்கைக் கட்டுவது, இல்லாவிட்டால் மருந்து பிடிக்காது, புளி கூடாது, மீன் கூடாது, கோழி கூடாது, கத்தரிக்காய் அறவே கூடாது, மோர் வேண்டுமானால்…

"தயிர்?" என்று அப்போதுதான் வந்து சேர்ந்த கல்யாணசுந்தரம் வாசலில் நின்றபடியே கேட்டார்.

"தயிர் கூடாது, மோர் பரவாயில்ல."

"அடப் பாவமே. மோரையும் சேத்து விட்டுட்டேனே."

"யாருங்க அது?" என்றது கைபேசி. பிரீத்தி சிரிப்பை அடக்க முடியாமல் அழைப்பை வெட்டினாள். பிறகு, கேட்டதையெல்லாம் ஆங்கிலத்தில் ஹெலனுக்குச் சொன்னாள்.

ஹெலன் கணினித் திரையைத் தன் பக்கம் திருப்பி எதையோ மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். மற்றவர்களின் பெயரைச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை என்றார். ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருந்த பெயர்கள் எவ்வளவு நீளமானவை என்பது, திரையில் அவர் விரல் நகர்ந்த தூரத்திலேயே தெரிந்தது. கோபப்படுவார் என்று கிறிஸ்ரியன் காத்திருந்தான். அவரோ, ஏன் இதை நாங்கள் ஒருவரையும் கேட்கவில்லை என்று தன்னையே கேட்பதுபோல் கேட்டார். சாப்பிடுவதைக் கேட்டோம், விட்டதைக் கேட்கவில்லை. உங்கள் இடம் இருக்குமா என்று நான் சொல்ல முடியாது, அது குழுவின் கையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, கிட்டத்தட்ட ஓட்டமாகவே கூட்டத்துக்குப் போனார்.

வீட்டில் நிரஞ்சலா அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு அடுப்பை அணைத்தாள். கெடுத்தது நான்தான், நான்தானே மீனைத் தூக்கிக் கொடுத்தனான் என்றாள். கிறிஸ்ரியனோ, ஊர் முழுக்கப் பரப்பியது நான் என்றான். யார் கூடக் கெடுத்தது என்று இருவரும் கொஞ்ச நேரம் போட்டிபோட்டார்கள். அடுத்த நாள் கடையில் யாரோ பிரேக் கட்டை கேட்க, அவன் கண்ணாடி துடைக்கிற கம்பியை எழுதினான்.

பின்னேரம் பிரீத்தி அழைத்தாள். எண்ணைக் கண்டதுமே கிறிஸ்ரியன் கடைக்கு வெளியே வந்துவிட்டான்.

"அங்கிள், குட் நியூஸ்" என்று தொடங்கியவள் மீதியையும் கஷ்டப்பட்டுத் தமிழிலேயே சொன்னாள். சோதனை நிற்கவில்லை. மெலிந்ததற்குக் காரணம் தெரிந்துவிட்டதால் குழு அதைத் தொடரச் சொல்லியிருக்கிறது. பத்தியம் இருந்தவர்களையும் விலக்கவில்லை. அவர்கள் கணக்கில் அந்தக் காலத்தைத் தனியாகக் குறித்து வைப்பார்கள். ஒரே ஒரு நிபந்தனை. "நீங்க நல்லா சாப்பிடணும். முன்னாடி மாதிரி. அடுத்த முறை வெயிட் ஏறினாதான் போத்தல்."

"மீன்?"

"மீன், சிக்கன், எல்லாமே."

"புளி?"

"அங்கிள், ப்ளீஸ். எல்லாமே."

அவன் முதலில் அழைத்தது வீட்டுக்கு அல்ல, கிளென் வேவர்லிக்கு. "ஐயா, கோப்பி குடிக்கலாம்" என்றான். மறுமுனையில் "ராஜி, பாலை வை" என்று மகளைக் கூப்பிடும் சத்தம் மட்டும் தூரத்தில் கேட்டது. பிலோமினம்மா பத்தியத்தை விடச் சம்மதித்தார், தவக்காலத்தை விடச் சம்மதிக்கவில்லை. கடைசியில் இறைச்சி இல்லை, மீன் உண்டு என்று ஒரு வழிக்கு வந்தார்.

அன்று ஸ்பிரிங்வேல் சந்தையில் நிரஞ்சலா பாரை மீனைச் செவுள் தூக்கிப் பார்த்து வாங்கினாள். புளி கரைத்து விட்டு, கத்தரிக்காயும் போட்டு, விட்டதையெல்லாம் ஒரே சட்டியில் கூட்டி வைத்த குழம்பு. பாதியைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்தாள். கிறிஸ்ரியன் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டான். நடுவில் ஒரு தரம் மட்டும் நிமிர்ந்து, இந்தக் குளிசை அசலோ புல்லோ தெரியாது, இது அசல் என்றான்.

அடுத்த சோதனை உயிர்ப்புக் கிழமைக்கு முன் வந்தது. நிறுவையில் ஏறும்போது கிறிஸ்ரியன் சப்பாத்தோடு ஏறப் பார்க்க, பிரீத்தி கழற்ற வைத்தாள். கழற்றியும் எண் ஏறித்தான் இருந்தது. ஸ்டீவ் கத்த, அவன் ஊத, அளவு பழைய இடத்திலேயே நின்றது. அதற்கு என்ன அர்த்தம் என்று இப்போதும் யாருக்கும் தெரியாது, உடைத்துப் பார்க்கும் நாள் வரைக்கும் தெரியப்போவதும் இல்லை. ஆனால் இப்போது எல்லாரிடமும் ஒரு புதுக் கேள்வி கேட்கிறார்களாம், இந்தக் குளிசைக்காக எதையாவது சாப்பிடாமல் விட்டிருக்கிறீர்களா என்று. தமிழர்கள் மட்டுமில்லை அங்கிள் என்று பிரீத்தி கிசுகிசுத்தாள். வேறு நாட்டு ஆட்களும் ஆளுக்கொன்றை விட்டிருக்கிறார்கள். ஒருவர் பச்சைப் பயற்றை விட்டிருக்கிறார்.

"பயறோ?" கிறிஸ்ரியனுக்கு வியப்புத் தாங்கவில்லை. "நான் அதைத்தானே நாள் முழுக்கத் திண்டனான்."

அவள் போத்தலைக் கையில் தந்தாள். அவன் அதைக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்த்தான். நிறையக் குளிசைகள்.

கார் நிறுத்தும் இடத்தில் கல்யாணசுந்தரம் மகளுக்காகக் காத்து நின்றார். காற்சட்டையில் ஊசி இல்லை. அவர் கையில் ஒரு காகிதக் குவளை, அதில் காப்பி. கிறிஸ்ரியன் போத்தலை உயர்த்திக் காட்டினான். அவரும் தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து உயர்த்தினார். இருவரும் கிண்ணம் வென்றவர்களைப் போல அப்படியே நின்றார்கள். பிறகு கிறிஸ்ரியனுக்கு என்ன வந்ததோ தெரியாது, சாவியை எடுத்தான், விசிலை வாயில் வைத்தான், இழுக்க முடிந்த அளவு மூச்சை இழுத்து ஊதினான். இந்த முறை கீச்சு இல்லை. நீளமும் இல்லை, ஆனால் தெளிவாக, ஆட்டத்தை நிறுத்தக்கூடிய சத்தம். மரத்திலிருந்த மாக்பைப் பறவைகள் கலைந்து பறந்தன. ஆஸ்பத்திரிக் காவலாளி எட்டிப் பார்த்தான்.

"தம்பி, இது ஆஸ்பத்திரி" என்றார் கல்யாணசுந்தரம்.

"ஓம் ஐயா. ஃபவுல்" என்று சொல்லிவிட்டு, கிறிஸ்ரியன் காரின் மேல் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தான்.